நீராவி எழாத இடங்கள்

உலர்த்தும் கூடத்தில் பரப்பியிருந்த புல் முழுவதிலிருந்தும் நீராவி சீராக எழுந்துகொண்டிருந்தது. பின்சுவரை ஒட்டி இரண்டு இடங்களில் மட்டும் எழவில்லை. அவை இரண்டும் மனிதப் பாதங்களின் அளவே இருந்தன.

வெளியே ஆறு நாளாக மழை. இனி வெயிலை நம்பிப் பயனில்லை என்று, அறுத்த புல்லை அழுகும் முன்பே கூடத்தில் ஏற்றி, இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டத் தரையின் மீது முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, உலையின் வெப்பக் காற்றைப் பெரிய விசிறியால் கீழிருந்து மேலே செலுத்திக்கொண்டிருந்தார்கள் அண்ணனும் தங்கையும். வெந்த கீரையின் வாசனை மெல்ல மெல்லத் தேயிலையின் வாசனையாக மாறி வந்தது. பச்சை நிறமோ சற்றும் குன்றவில்லை. இருபத்திரண்டு கறவை மாடுகள் அடுத்த மூன்று மாதங்கள் இதைத் தின்றுதான் உயிர் வாழ வேண்டும். புல்லை யாரும் மிதிக்கக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி. மிதித்த இடத்தில் காற்று ஏறாது; ஈரம் உள்ளேயே புழுங்கித் தானே சூடேறி, ஒருநாள் கூடத்தையே கொளுத்திவிடும். ஆகையால் குறுக்கே போட்ட பலகையின் மீதுதான் இருவரும் நடப்பார்கள்.

“அண்ணா, புல்லு மேல கால வச்சியா?” என்றாள் தங்கை.

“நானா? பலகைய விட்டு எறங்கினா நீ என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவியே!”

“அப்ப அது யாரு காலு?”

“மாடு ரெண்டு கால்ல நடக்கப் பழகிருச்சு போல.”

சிரித்தபடியே அவன் நீண்ட கவைக்கோலால் அவ்விடத்தைக் கிளறிவிட்டான். புல் சிறிதும் அமுங்கியிருக்கவில்லை. அவள் மீண்டும் பார்த்தபோது தடங்கள் நான்கு. பிறகு ஆறு. ஒவ்வோர் எட்டாக, பலகையை நோக்கி. மேலே யாருமில்லை, ஒரு புல்தாள்கூட மடங்கவில்லை.

அவன் சிரிப்பு நின்றது. “மேலருந்து இல்ல. கீழருந்து எதுவோ சட்டத்த அடைக்குது. போய்ப் பாத்துட்டு வரேன்.”

“வேணாம்ணா. அங்க தவழ்ந்துதானே போக முடியும்? அதுல எது நிமிந்து நடக்கும்?”

“பழைய சாக்கு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும். இப்படியே விட்டா எல்லாம் எரிஞ்சு போயிரும்டி. வெளிய வந்து, இரும்புக் கதவ மூடி அதுல மூணு தட்டு தட்டுறேன், அப்புறம் விசிறியப் போடு.”

உலையின் காற்றுவழியை அடைத்து, விசிறியை நிறுத்தி, மரச்சட்டத் தரைக்கடியில் சுரங்கம்போல் ஓடிய காற்றறை ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பின்னர் அதன் இரும்புக் கதவைத் திறந்து அவன் உள்ளே தவழ்ந்தான். தகரக் கூரையில் மழை. தரைக்கடியில் அவன் முழங்கால்கள் உரசும் ஓசை.

“இங்க ஒண்ணுமில்ல,” என்றது அவன் குரல். சற்று தள்ளி, “இங்கயும் இல்ல.”

பிறகு ஓசை இல்லை.

தேயிலை வாசனையில் புளிப்பு ஏறத் தொடங்கியது. காற்று நின்ற ஒவ்வொரு நிமிடமும் புல்லுக்குக் கேடு. அவள் விசையின் மீது கையை வைத்துக் காத்திருந்தாள்.

டக். டக். டக்.

பழகிய கை, யோசியாமல் விசையை அழுத்தியது. விசிறி உறுமியது. அதன் பின்னரே உறைத்தது. இரும்புக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. தட்டு விழுந்தது மரத்தில். பின்சுவரின் அடியில்.

“ஐயோ, அண்ணா!”

விசையை மேலே தள்ளினாள். விசிறி நின்றது.

நீராவி நிற்கவில்லை.

அடர்ந்து எழுந்தது. அதன் நடுவே இரண்டு புதிய இடங்கள். பாதங்கள் அல்ல. உள்ளங்கைகள். பத்து விரல்களும் விரிந்து, கீழிருந்து சட்டத்தை அழுத்தியபடி.

“அண்ணா... பேசுண்ணா!”

கைகள் நகரத் தொடங்கின. யாரோ இழுப்பதுபோல், விரல்களைத் தேய்த்துக்கொண்டு. பின்னோக்கி.

அவற்றுக்கு முன்னால், அவசரமே இல்லாமல், இரண்டு பாதங்கள் சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தன.