வெள்ளோடையின் சம்மதம்

வெள்ளோடைக் காலனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் தங்கள் வீடுகளைக் காலி செய்துகொடுக்க ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குச் சம்மதித்தன. அந்த நேரத்தில் காலனியின் பெரியவர்கள் எல்லோரும் உப்பளத்தில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தாங்கள் சம்மதித்துவிட்ட விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

சம்மதித்தது அவர்களுடைய ஊர்நகல். தூத்துக்குடிப் பக்கம் இருந்த தென்கடல் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், குளிரூட்டிய ஓர் அறையில், ஒப்புதல் ஆணையத்தின் அதிகாரி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கேள்வி இதுதான்: கடல்நீர் ஆலைக்கு உங்கள் இடம் தேவை, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி வீடு தருகிறோம், சம்மதமா?

"அதுக்கென்ன சார், தாராளமா எடுத்துக்கிடுங்க" என்றது ஊர்நகல். "நாலு பேருக்கு நல்லதுன்னா நாங்க குறுக்கயா நிக்கப் போறோம்? இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சாருமதிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஊர்நகலைச் செய்தவள் அவள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லும் ஊர்நகலை அந்தத் துறையில் அதுவரை யாரும் செய்ததில்லை.

முன்பெல்லாம் ஓர் ஊரைக் கேட்க வேண்டுமென்றால் பந்தல் போட்டு, மைக் வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். நாற்காலி பறக்கும். வழக்குப் போகும். வருஷக்கணக்கில் இழுக்கும். ஊர்நகல் வந்தபிறகு எல்லாம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. ஊரார் பேசும் பேச்சு, உறவு முறை, கோயில் கொடை, மாதா திருவிழா, பகை, பயம், பாட்டு, உணவு எல்லாவற்றையும் ஊட்டினால் அந்த ஊராகவே யோசித்துப் பதில் சொல்லும் பொறி அது. பதில் பதிவானதும் ஐந்தாம் நாள் தானியங்கி மண்வாரிகள் தாமாகவே புறப்படும். நடுவில் கோப்பு கிடையாது, கையெழுத்து கிடையாது, ஒரு காகிதத்தை ஆறு மாதம் மறந்துபோகும் குமாஸ்தாவும் கிடையாது.

இந்த நகல்களைச் செய்ய ஆள் வேண்டுமே, அதற்குத்தான் வட்டாரப் பண்பாட்டியல் என்ற இளநிலைப் பட்டம். ஒரு காலத்தில் அதைப் படிக்கிற பிள்ளையைப் பற்றிக் கல்யாண வீட்டில் கேட்டால் பெற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். வரலாறு, புவியியல், மொழியியல், பொருளியல், புள்ளியியல், இசை என்று எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளிப் போட்ட படிப்பு, எதற்கும் உதவாது என்பார்கள். இப்போது அதற்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் சாருமதியின் அப்பா, "பொண்ணு ஊர்நகல் படிக்குதுங்க" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஊர். கழுத்தில் செவிப்பதக்கத்தை மாட்டிக்கொண்டு ஆறு மாதம் அங்கே இருக்க வேண்டும். காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் பதக்கம் பதிந்துகொள்ளும். கண்ணால் பார்த்ததை எழுத ஒரு கைக்குறிப்பேடும் கொடுத்தார்கள். அதற்கு இரண்டே மதிப்பெண் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. சாருமதியும் தொடவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரியான அந்தப் பெண்ணுக்கு இந்த ஒன்று மட்டும் ஏன் தோன்றாமல் போயிற்றென்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு அவள் வெள்ளோடைக்குப் போனாள். ஆறு மாதமும் அவளுக்குச் சோறு போட்டவள் செபத்தியம்மாள், உப்பள வேலைக்காரி, நாற்பத்திரண்டு வயது. அப்போதுதான் அளத்திலிருந்து வந்து காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாப்பா. என்ன, வெயில்ல வந்திருக்கிய? உக்காருங்க, மோர் தாரேன்."

சாருமதி மூச்சு வாங்கச் சொன்னாள். "அக்கா, நகல்ல நீங்க எல்லாரும் சம்மதிச்சுட்டீங்க. சனிக்கிழமையே இடத்த எடுத்துக்கிறாங்க. உங்களுக்கெல்லாம் புது வீடு வருதுங்க."

மக்ரூன் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த செபத்தியம்மாளின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு பிரித்தன. "அப்படியா பாப்பா. நல்லது. அங்கேருந்து அளத்துக்கு விடியக்காலம் மூணு மணிக்கு எப்படி வர? சரி, அதைப் பாத்துக்கிடலாம். நீங்க எடுத்துச் சாப்பிடுங்க."

அந்த 'நல்லது' சாருமதியின் காதில் எங்கேயோ இடித்தது. அதே குரலை அவள் முன்பும் கேட்டிருந்தாள். மார்கழியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்களுக்கு எழுத்து வகுப்பு நடத்தலாம் என்று அவளே வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, நாற்பது பேர் அப்படித்தான் சொன்னார்கள். நல்லது பாப்பா, கட்டாயம் வாரோம் என்று. ஒருத்திகூட வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. விடுதியில் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததோடு சாருமதி மறந்துவிட்டாள்.

பதக்கத்தில் நாற்பது சம்மதங்களும் பத்திரமாக இருந்தன. ஆள் வராத வகுப்பறையில் பதக்கம் பதிந்ததெல்லாம் மின்விசிறிச் சத்தம். அதை வெற்றொலி என்று வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஊர்நகலுக்குள் ஏற்றியிருந்தார்கள்.

சாருமதி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, உண்மையச் சொல்லுங்க. யாருகிட்டயாவது நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கீங்களா?"

செபத்தியம்மாள் சிரித்தாள். "வீடு தேடி வந்தவிய மூஞ்சிக்கு நேரா எப்படிப் பாப்பா அப்படிச் சொல்ல? ஆகட்டும்னுதான் சொல்லணும். பொறவு நாம பாட்டுக்குச் செய்யாம இருந்துக்கிட வேண்டியதுதான். ரெண்டு தடவ வந்து பார்ப்பாவ, அவியளுக்கே புரிஞ்சிரும், போயிருவாவ. கடல்பாசி வளக்கச் சொல்லி ஒரு ஆபீசர் வந்தார். கிணத்த மூடணும்னு ஒரு கம்பெனிக்காரவிய வந்தாவ. எல்லாருக்கும் ஆகட்டும்னுதான் சொன்னோம். கிணறு இன்னும் அங்கனதான கிடக்கு?"

"அப்ப இந்த இடத்த விட்டுப் போறது?"

"போவ மாட்டோம் பாப்பா" என்றாள் செபத்தியம்மாள், கோபமில்லாமல். "எங்க போவ?"

மூன்று வருஷப் படிப்பில் கேட்காத பாடத்தைச் சாருமதி ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரத்தில் கேட்டுவிட்டாள். அந்த ஊர் வாயால் சம்மதித்து, காலால் மறுத்து, அறுபது வருஷம் யாரோடும் சண்டை போடாமல் தன் இடத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அவள் செய்த ஊர்நகலுக்கு வாய் மட்டும்தான் இருந்தது.

மாலையே அவள் பேராசிரியர் ஞானராஜின் அறைக்குப் போய் அழுதாள். அவர் நல்ல மனிதர்தான். அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"செஞ்சவங்களே தப்புன்னு சொன்னா ஆணையம் ஏத்துக்காதும்மா" என்றார். "மனு போடு. சரிபார்ப்பு அலுவலர் நேர்ல போய் இருபது பேரைக் கேப்பார். நகல் பேசுறது எங்க பேச்சு இல்லைன்னு ஊர்க்காரங்க சொல்லணும். சொன்னா நகல் ரத்து. கூடவே உன் பட்டமும் ரத்து. திரும்ப இந்தப் படிப்புல சேரவும் முடியாது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேங்க சார்."

"இதே மாதிரி பதக்கத்தை வச்சுச் செஞ்ச நகல் நூத்துப் பத்து ஊருக்கு ஓடிக்கிட்டிருக்கு" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமை மனு ஏற்கப்பட்டது. வெள்ளி மாலை நான்கு மணிக்குச் சரிபார்ப்பு. வியாழன் சாயங்காலம் காலனிக் குழாயடியில் நின்று சாருமதி எல்லோரையும் கூட்டினாள். தான் செய்த பிழையை ஒளிக்காமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். பட்டம் போகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது தன் பாடு, இவர்கள் தலையில் ஏன் ஏற்ற வேண்டும் என்று நினைத்தாள்.

"நாளைக்கு அவர் வந்து கேட்டா, இது எங்க பேச்சே இல்லைன்னு பட்டுன்னு சொல்லிருங்க. இந்த ஒரு தடவை மட்டும் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"அதுக்கென்ன பாப்பா, சொல்லிப்புடுதோம்" என்றார்கள் எல்லோரும். "நீங்க ஒண்ணும் கவலப்படாதிய."

சாருமதி நிம்மதியாக விடுதிக்குத் திரும்பினாள். அடி அசடே, இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகுமா என்று அவள் தலையில் ஒரு குட்டு வைக்க அங்கே ஒருவரும் இல்லை.

சரிபார்ப்பு அலுவலர் தனசேகர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஊர்நகலின் பதிலை அவர் கையடக்கப் பொறியில் ஒலிக்க விட்டார். தங்கள் பேச்சைத் தாங்களே கேட்ட பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு விதியை வாசிக்க வேண்டியது அவர் கடமை. வாசித்தார்.

"இந்த நகல் பிழை என்று ஊரார் கூறினால், இதை உருவாக்கிய மாணவி சாருமதியின் பட்டம் நிரந்தரமாக ரத்து செய்யப்படும். இதை அறிந்து பதில் சொல்லவும்."

சிரிப்பு நின்றது. இருபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாருமதி வேகமாகத் தலையை ஆட்டினாள். பரவாயில்லை, சொல்லுங்கள் என்று கையால் காட்டினாள். செபத்தியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு மாதம் தன் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை இளைத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பது போலிருந்தது.

"முதல்ல நீங்க சொல்லுங்கம்மா" என்றார் தனசேகர். "இது உங்க பேச்சுதானா?"

"எங்க பேச்சுதான் சார்" என்றாள் செபத்தியம்மாள். "பாப்பா சரியாத்தான் செஞ்சிருக்கு."

"அக்கா" என்று கத்தினாள் சாருமதி. "என்னப் பாக்காதீங்க. எனக்குப் பட்டம் வேண்டாம். உண்மையச் சொல்லுங்க."

"நீங்க குறுக்க பேசக் கூடாதும்மா" என்றார் தனசேகர். அவரும் கெட்டவர் இல்லை. அடுத்தவரைக் கேட்டார்.

இருபது பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பாப்பா நன்றாகச் செய்திருக்கிறது என்று சொன்னார்கள். ஒருவர் இந்தப் பிள்ளைக்குப் பரிசு ஏதும் கிடையாதா என்றும் கேட்டார். வெள்ளோடைக்காரர்கள் ஒருவர் மனம் நோகாமல் எப்படிச் சம்மதிப்பார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறென்ன வேண்டும்? ஊர்நகல் எப்படிப் பிழை என்று அவர்கள் அந்த மரத்தடியில் இருபது முறை காட்டினார்கள். பொறி அதை இருபது முறையும் சரி என்று பதிந்துகொண்டது.

"பொருத்தம் நூறு விழுக்காடு" என்றது பொறி. "நிறைவேற்றம் நாளை காலை ஆறு மணி."

தனசேகர் சாருமதிக்குக் கைகொடுத்து வாழ்த்திவிட்டு வண்டியேறினார். அவள் வேரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

செபத்தியம்மாள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "பட்டம் உண்டுலா பாப்பா?"

"உண்டுங்க்கா."

"அப்ப என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய? மூணு வருஷப் படிப்பு, எங்க ஒரு வார்த்தையால போவலாமா? சொல்லுங்க."

"அக்கா, காலைல ஆறு மணிக்கு வந்துரும். நெசமா வந்துரும். இது முன்ன மாதிரி இல்லீங்க. ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போறதுக்கு அதுல மனுசனே கிடையாது. இன்னைக்கே சாமானெல்லாம் எடுத்து வெளிய வைங்க. வைப்பீங்களா?"

"அதுக்கென்ன, எடுத்து வச்சிருதோம்" என்றாள் செபத்தியம்மாள்.

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். காலனியில் ஒரு வாசலிலும் ஒரு குடம்கூட நகரவில்லை. குழாயடியில் யாரோ யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க பாப்பா. பட்டம் வாங்கினதுக்குச் சீலா மீன் எடுத்துக் கொழம்பு வைக்கேன். வருவியல்லா?"

சாருமதி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கட்டாயம் வர்றேங்க்கா" என்றாள்.