பதினேழாம் பெட்டி

அன்று காலையில் மட்டும் தமயந்தி தன் தனிம அட்டவணையின் பதினேழாம் பெட்டியை நான்கு முறை காலி செய்தாள். நான்கு முறையும் ‘நிரப்பி’ என்ற இயந்திரம் அதில் ‘சாது’ என்று எழுதி வைத்துவிட்டது.

நிரப்பி வந்த பிறகு உலகத்தில் விடுபட்டது என்று எதுவுமே இல்லை. பாதியில் நின்ற கடிதம், மறந்துபோன பிறந்தநாள், மருத்துவர் கேட்காமல் விட்ட கேள்வி, எல்லாவற்றையும் அந்த இயந்திரம் அக்கம்பக்கம் பார்த்து எழுதிவிடும். ஜனங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தமயந்திக்குத்தான் தலைவலி.

தூத்துக்குடிக் கடலடி ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக அவள் கண்ணுக்குத் தெரியாத நிழற்பொருளின் தனிமங்களை வலைபோட்டுப் பிடித்து, எடைவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு தனிமங்களுக்கு ஒருமுறை அதே குணம் திரும்பிவந்தது. ஐந்தாவதும் பதினொன்றாவதும் தொட்டதையெல்லாம் கவ்விக்கொள்ளும் முரடுகள். அப்படியானால், இன்னும் சிக்காத பதினேழாவதும் முரடாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்பது வருட உழைப்பும் குப்பை.

“அது காலி இடத்தைக் கண்டா தாங்காது மேடம்,” என்றான் நிரப்பியைப் பராமரிக்கும் செபஸ்தியான். “பதினாறும் பதினெட்டும் எதோடயும் ஒட்டாத சாது. அதான் நடுவுல உள்ளதும் சாதுன்னு போட்டிருக்கு. விடுங்களேன்.”

“அந்தக் காலத்துல ரஷ்யாக்காரர் ஒருத்தர் தனிமங்களை அடுக்குறப்போ காலி இடம் விட்டாரே, எதுக்கு? பின்னாடி ஒவ்வொண்ணா வந்து உட்கார்ந்துச்சுல்ல! அந்தக் காலி இடம்தான்யா என் கண்டுபிடிப்பே!”

மத்தியானம் வலை அதிர்ந்தது. பதினேழுக்குரிய எடை! வந்த வேகத்தில் வலைச்சுவரைக் கவ்வி, நான்கு நொடி விடாப்பிடியாக இருந்து, கரைந்துபோனது. தமயந்தி கண்ணாரக் கண்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. ‘முரடு’ என்று பதிந்தாள்.

‘அளவீட்டுப் பிழை. திருத்தப்பட்டது: சாது,’ என்றது நிரப்பி. ‘இருபத்திரண்டு ஆய்வகங்கள் உறுதி செய்துள்ளன.’

“எந்தப் பாவி பார்த்தான்?” தமயந்தி மேசையில் ஓங்கி அடித்தாள். “அவங்க பெட்டியையும் இந்தச் சனியன்தானே நிரப்பியிருக்கும்! ஒருத்தர், ஒரே ஒருத்தராவது நேர்ல பார்த்திருக்காங்களான்னு தேடுய்யா!”

செபஸ்தியான் தேடினான். ஒவ்வொரு ஆய்வகத்தின் அறிக்கையாகத் திறந்து பார்த்தான்.

“‘நேரில் கண்டவர்’ங்கிற இடம் இருபத்திரண்டு அறிக்கையிலயும் காலியாத்தான் இருந்திருக்கு மேடம்,” என்றான். “இப்பதான் நிரப்பியிருக்கு. எல்லாத்துலயும் உங்க பேரு.”