தம்பிக்குக் கொடுத்த தாள்

வீட்டில் எனக்கு 'அசமந்தம்' என்று பெயர். தம்பிக்குப் 'பம்பரம்'. டாக்டரிடம் போனது பம்பரத்துக்காகத்தான். வகுப்பில் அவன் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காருவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். என்னைத் தனியாக விட்டால் கதவைச் சாத்த மறந்துவிடுவேன் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் அறைக்கு வெளியே நர்ஸ் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். நிறையக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை', 'எப்போதாவது', 'அடிக்கடி' என்று கட்டங்கள். அம்மா பையைத் துழாவினார். கண்ணாடி வீட்டில் தையல் மெஷின் மேலேயே தங்கிவிட்டது.

"நீ படி. நான் சொல்லச் சொல்ல டிக் போடு."

"உட்கார வேண்டிய நேரத்தில் எழுந்துவிடுகிறாரா?"

தம்பி நாலாவது நாற்காலியிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவிக்கொண்டிருந்தான்.

"இதை வேற கேட்கணுமா? அடிக்கடின்னு போடு."

"தேவையான பொருட்களைத் தொலைக்கிறாரா?"

"சேச்சே, அவன் ஒரு பென்சிலைக்கூடத் தொலைச்சதில்ல. தொலைக்கிறது நீதான்."

"நேராகப் பேசினாலும் காதில் விழாததுபோல் இருக்கிறாரா?"

"அதுவும் நீதான். மூணு தரம் கூப்பிட்டாத்தானே திரும்புற."

"தொடங்கிய வேலையை முடிக்காமல் விட்டுவிடுகிறாரா?"

அம்மா என்னையே பார்த்தார்.

அந்த வருடம் மூன்று ஜியோமெட்ரி பாக்ஸ் தொலைத்திருந்தேன். மூன்றாவது போனபோது, "உனக்கு அக்கறையே இல்ல. வேணும்னே பண்ற" என்று அம்மா திட்டினார். நானும் அதை நம்பியிருந்தேன். இப்போது யாரோ முன்பின் தெரியாதவர் என்னைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதியிருக்கிறார்.

உள்ளே போனதும் நானே கேட்டுவிட்டேன். "டாக்டர், எனக்கும் ஒரு தாள் குடுங்க."

"இவளுக்கு எதுக்கு டாக்டர்? இவ இருக்கிற இடமே தெரியாது" என்றார் அம்மா.

"அப்படி இருக்கிற பிள்ளைங்களைத்தான் நாங்க கவனிக்காம விட்டுடறோம்" என்றார் டாக்டர்.

"ஊசி உண்டா?" என்று மேஜைக்கு அடியிலிருந்து தம்பி கேட்டான்.

"கிடையாது. ரத்தம் எடுத்தோ படம் எடுத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுல ஒரு தாள், டீச்சர்கிட்ட ஒரு தாள். ரெண்டு இடத்துலயும் ரொம்ப மாசமா இப்படித்தானான்னு பார்ப்போம். கண்ணு, காது, தூக்கம் எல்லாம் சரியா இருக்கான்னும் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் இது ஏ.டி.எச்.டி.ங்கிற கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறா, இல்லையான்னு சொல்லுவோம்."

"இருந்தா, எனக்கு மட்டும்தான் இருக்குமா?" என்று கேட்டேன்.

"நாற்பது பேர் இருக்கிற வகுப்புல சுமாரா ரெண்டு பேருக்கு இருக்கும்."

டாக்டர் எங்கள் இருவரின் டீச்சர்களுக்கும் ஆளுக்கோர் உறை கொடுத்தார். என்னுடையதையும் தம்பியிடமே நீட்டினேன்.

"நீ வச்சுக்கோடா. நான் தொலைச்சிடுவேன்."

அவன் இரண்டையும் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மறுநாள் கசங்கிப்போய் டீச்சர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

அதன்பின் மூன்று முறை டாக்டரிடம் போனோம். கடைசியில், "ரெண்டு பேருக்குமே இருக்கு. இவனுக்கு உடம்பு ஓடுது, அவளுக்கு மனசு ஓடுது. என்ன செய்யணும்னு சேர்ந்து பார்க்கலாம்" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

மறுநாள் காலை நாலாவது பாக்ஸைக் காணோம். பயந்துகொண்டே அம்மா முன்னால் நின்றேன்.

"வேணும்னு தொலைக்கலம்மா."

"தெரியும்" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "இத்தனை நாள் தெரியாமப் போச்சு. வா, தேடலாம்."

மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் குனிந்தோம். முதலில் கிடைத்தது, அம்மா ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடி.