காற்றுப் புகாத வீடு

"இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிச்சே... அப்புறம் நடக்கிறதே வேற!"

விடிந்தும் விடியாததுமாகக் கட்டின பெண்டாட்டியைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? பஸ் ஓட்டுகிறவன் அவன். ரோட்டில் நாய் குறுக்கே வந்தால்கூடப் பொறுமையாக நிறுத்துவான். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் பிரேக் பிடிக்காது. கூடத்து நடுவில் அவளை உட்கார வைத்துவிட்டு, சமையல்கட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றான்.

அவள் அந்த வீட்டு மருமகள். தெருவுக்குத் தையல்காரி. பின்கட்டு அறையில் மெஷின் போட்டு, ஊரார் துணியெல்லாம் தைத்துத்தான் கொழுந்தனைப் படிக்க வைத்தாள். அந்தக் கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன், இன்று கழுத்தில் டை கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறான். மானியம் என்ற வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான்.

குளிர்காலத்தில் சூடு வெளியே போகாதபடி வீட்டை அடைக்க வேண்டும். கூரைக்கு மேல் பஞ்சு மெத்தை, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, இடுக்குக்கு ரப்பர் பட்டை. செலவில் பாதிக்கு மேல் அரசாங்கம் கொடுத்துவிடும். ஆனால் வேலை முடிந்ததும் வாசலில் பெரிய விசிறியை மாட்டி, எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால்தான் மானியம். முதல் சோதனையில் வீடு தேறவில்லை; எங்கே ஒழுகுகிறது என்று அன்று யாரும் தேடவில்லை.

"எல்லாம் இவ வேலைதான். அடுப்புப் புகை போகணும்னு சமையல்கட்டு சன்னலத் தொறந்து வச்சிருப்பா!"

இப்படித் தீர்ப்புச் சொன்னவர் மாமனார். இன்று கடைசிச் சோதனை. இதிலும் தவறினால், இந்த வேலைக்காக வாங்கிய கடனை அடைக்கப் பின்கட்டு அறையை வாடகைக்கு விடுவதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். மெஷினை எங்கே போடுவது என்று அவள் கேட்டதற்கு, "வித்துடலாமே அண்ணி" என்றான் சின்னவன். அவன் படித்த படிப்பே அந்த மெஷினில் தைத்ததுதான் என்பது அவனுக்கு மறந்தே போயிற்று!

அவளுக்கு உண்மை தெரியும். அதுதான் கொடுமை.

மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாலிபத்தில் ஒருமுறை மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டு, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வெளியே வந்தவர். வீட்டை அடைத்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு விடியற்காலை வெந்நீர் கொண்டுபோனவள் பார்த்துவிட்டாள். திரைக்குப் பின்னால் சன்னல் ரப்பரைப் பிய்த்துவிட்டு, இடுக்கில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "பசங்ககிட்ட சொல்லிடாதம்மா... பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பானுங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவளும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் பிய்த்ததை ஓசைப்படாமல் ஒட்டி வைத்தாள். முதல் சோதனையன்று அவள் ஒட்டிவிட்டுப் போனதும் மறுபடி பிய்த்துவிட்டு, பழியையும் அவள் தலையிலேயே கட்டினார். பாவி மனுஷன்!

இன்றும் அந்த அறைக்குள் இரண்டு நிமிடம் போனால் போதும். காவல்காரர் விட்டால்தானே?

"ஏங்க... மாமா ரூம ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேனே..."

"ஒரு எடமும் பாக்க வேணாம். நீ பாத்து கிழிச்சது போதும்!"

சோதனைக்கு வந்த பெண் வாசலில் விசிறியை மாட்டி ஓடவிட்டாள். கையில் புகை வருகிற குச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். கூடத்தில் புகை நேராக மேலே போயிற்று. சமையல்கட்டிலும் அப்படியே. மாமனார் அறைக்குள் நுழைந்ததும் திரை உள்பக்கமாக உப்பியது. புகை அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து அடித்தது.

"இங்கதாங்க. ரப்பரே இல்லையே... யாரோ உரிச்சு எடுத்திருக்காங்க."

சின்னவன் திரும்பி முறைத்தான். "அண்ணி! அப்பா ரூமைக்கூட விட்டு வைக்கலையா நீங்க?"

"அவ காலைலேருந்து நாற்காலிலதான..." என்று இழுத்த புருஷன், தன் வாயாலேயே உண்மை வந்துவிடும்போல் தெரிந்ததும், "ராத்திரியே பிச்சிருப்பா! மெஷின் ரூம் போயிடும்னு ஆத்திரம்! இப்பவே துணிமணிய எடுத்துட்டுக் கெளம்பு!" என்று கத்தினான்.

அவ்வளவுதான். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போறேன்! மெஷினத் தூக்கிட்டே போறேன்! ரூம் போனா என் பொழப்பே போயிடும், அதுக்கு நானே குழி வெட்டுவேனா? இத்தன வருஷம் உங்க மூணு பேருக்கும் கிழிஞ்சதெல்லாம் தச்சேன்... இந்த வீட்டக் கிழிக்கிறவன்னு பேரு வாங்கறதுக்கா?"

அப்போதும் மாமனாரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரை ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, சுருட்டி வைத்திருந்த ரப்பர் பட்டையை வெளியே எடுத்தார்.

"நான்தான்டா... தினமும் நான்தான் பிச்சேன். அடச்ச ரூமுல படுத்தா மண்ணு மூஞ்சில விழுற மாதிரியே இருக்கு. மூச்சு நின்னுடுது. இவ தினமும் ஒட்டி ஒட்டி என்னக் காப்பாத்துனா... நான் இவளையே மாட்டி விட்டுட்டேன்..."

கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கும் கண்ணீர் முட்டியது; கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அழுதா ஆச்சா மாமா? அன்னிக்கு என் மேல பழியப் போட்டுட்டு, இவங்க என்னத் திட்டினப்ப பக்கத்துல நின்னு தலயும் ஆட்டுனீங்களே!" ரப்பரைப் பிடுங்கினாள். "அந்தப் பக்கம் பிடிங்க. நேரா பிடிங்க!"

தையல்காரியின் கை. மடிப்பில்லாமல் ஒட்டினாள். "இன்னும் அளவு குறிக்கலைங்க, மறுபடி ஓட்டிப் பாக்கறேன்" என்றாள் சோதனைக்கு வந்த பெண். "சோதன முடியிற வரைக்கும் வெளிய போய் இருங்க" என்றாள் மருமகள் மாமனாரிடம். அவர் தலையசைத்து மறுத்தார். "நீ பக்கத்துல இருந்தா உள்ளேயே இருந்துடுவேன்மா." விசிறி ஓடி முடிகிற வரை அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தத் திட்டிலேயே அவர் மூச்சு சீராயிற்று.

வீடு தேறிவிட்டது.

"தம்பி!" அவள் போட்ட சத்தத்தில் சின்னவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சூடு போகாம வெளிக்காத்து மட்டும் வர்ற விசிறி ஒண்ணு இந்தத் திட்டத்துல வருதே, அத உன் ரூமுக்குன்னுதான எழுதி வச்ச? அது மாமா ரூமுக்கு. பின்கட்டு ரூமப் பத்தி இனி எவனாவது வாயத் தொறந்தீங்க..."

"சரி அண்ணி... மன்னிச்சிடுங்க அண்ணி..." டை கட்டிய கழுத்து தொங்கிப்போயிற்று.

புருஷன் கண் கலங்கி அருகில் வந்தான். "என்ன... என்ன மன்னிச்சிடு..."

விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, கூடத்து நடுவில் போட்டாள்.

"உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிச்சீங்க... அப்புறம் நடக்கிறதே வேற!"

பஸ் ஓட்டுகிறவன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தான். பின்கட்டு அறையில் மெஷின் ஓடத் தொடங்கியது.