தலைவர் இல்லாத சங்கத்தின் நாற்காலி

"இன்ஸ்பெக்டர் ஐயா, சாயங்காலத்துக்குள்ள என்னைச் சங்கத்துலேர்ந்து தள்ளிடுவாங்க," என்றபடி காலணி தைக்கும் ஓசான் உள்ளே வந்தார்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் லெ பியான் அசையவில்லை. அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் மத்துரேன்தான் துள்ளினார்.

"அரசாங்கமே வேணாம்கிற சங்கமாச்சே. அங்க யாரு தள்றது?"

"அதான் குழப்பம். அவங்களே தீர்ப்புச் சொன்னா அதிகாரம் ஆயிடுமாம், அதனால உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பெண்டாட்டி போனப்புறம் எனக்கு அது ஒண்ணுதான் போக்கிடம்."

நாந்த் நகரத்துக் காப்பிக் கடையின் பின்கட்டில் அந்தச் சங்கம் வாரந்தோறும் ஒரு சாகச நாவலை உரக்கப் படித்து வந்தது. கப்பலுடைந்து தீவில் ஒதுங்கிய ஜனங்களை, ஆட்சியே ஆகாது என்னும் கதாநாயகன் ஆள்வானா, மாட்டானா? கடைசி அத்தியாயம் பாக்கி. அச்சகத்திலிருந்து ஓரம் வெட்டாமல் வரும் புதுப் புத்தகத்தின் ஒட்டிய தாள்களை எல்லோர் முன்னிலையிலும்தான் அறுப்பார்கள். யாரும் முந்திப் படிக்கக் கூடாதே. இன்று அந்த அத்தியாயத்தையே காணோம். எந்நேரமும் கத்தியோடு திரிபவர் ஓசான்; பழி அவர்மேல் விழுந்தது.

லெ பியானும் மத்துரேனும் ஓசானோடு போனபோது, பின்கட்டில் தோழர் கஸ்பார் மெத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தார். "இங்க தலைவர்னு யாரும் கிடையாது. ஓசான், நீ அங்க நில்லு. மத்தவங்க அடுப்பாண்ட தேடுங்க."

லெ பியான் புத்தகத்தைப் புரட்டினார். "கதாநாயகன் என்ன ஆவான்னு நினைக்கிறீங்க?"

"கடல்ல குதிச்சுடுவான்," என்றார் ஓசான்.

"அந்தத் துரோகி பேச்சை எடுக்காதீங்க," என்றார் கஸ்பார்.

மத்துரேன் மூச்சிரைக்க வந்தார். "அடுப்பு, பானை, என் சட்டைப்பை, எல்லாம் பார்த்தாச்சு ஐயா."

"தோல் அறுக்கிற கத்தி பட்டா ஓரம் வழுவழுன்னு இருக்கும்," என்று லெ பியான் புத்தகத்தில் அறுபட்ட இடத்தைக் காட்டினார். "இது பிய்ஞ்சிருக்கு, வெண்ணெய்ப் பிசுக்கு வேற. ரொட்டிக்குத் தடவுற மொட்டைக் கத்தி. போன வாரம் வரைக்கும் வீரனா இருந்தவன் இன்னிக்குத் துரோகின்னா, கடைசி அத்தியாயம் படிச்சவருக்குத்தான் தெரியும். எல்லாரும் எழுந்து தேடினாங்க. ஒருத்தர் மட்டும் எழுந்திருக்கல."

"முதுகுவலி," என்றார் கஸ்பார்.

தோழர்கள் இருவர் அவரைத் தூக்கினார்கள். மெத்தைக்கடியில் அத்தியாயம் கதகதப்பாக இருந்தது.

"எரிச்சிருக்கலாமே?" என்றார் மத்துரேன்.

"புத்தகத்தை எரிக்கறது அரசாங்கத்தோட வேலை," என்று கஸ்பார் முறைத்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "கடைசியில கவர்னர் நாற்காலியில ஒக்காந்துட்டான். அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்ல. எனக்குப் பொறுக்கல."

எல்லோரும் அந்த மெத்தை நாற்காலியைப் பார்த்தார்கள், கஸ்பாரும் பார்த்தார்.

ஓசான் தாள்களை நீவி எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "படிக்கட்டுமா?" வழக்கப்படி எல்லாத் தலைகளும் கஸ்பார் பக்கம் திரும்பின. அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, பெஞ்சில் ஓசானுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

நாற்காலி காலியாகவே கிடந்தது. மத்துரேனுக்கு மட்டும் திடீரென்று முதுகு வலித்தது.