ஓட்டையில் ஒற்றைச் செருப்பு

காலை ஏழே கால்.

போன் அடித்தது.

டூலியோ காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான். மலையில் முதல் பனி விழுந்த வாரம். இந்த வாரத்தில் போன் அடித்தால் ஒரே அர்த்தம்தான். யார் வீட்டிலோ கணப்பு எரியவில்லை.

"சொல்லுங்க... என்ன அலாரம் காட்டுது?"

"மார்ஷல் கஃபியேரோ பேசறேன்."

போலீஸ் ஸ்டேஷன் கணப்பையும் அவன்தான் பழுது பார்க்கிறான்.

"ஸ்டேஷன்ல அணைஞ்சு போச்சா சார்?"

"எர்மெஸ் அணைஞ்சு போயிட்டாரு. அவர் வீட்டுக்கு வா."

"எர்மெஸ்ஸா...! இதோ, டூல்ஸ் பையை எடுத்துக்கிட்டு..."

"பை வேணாம். நீ மட்டும் வா!"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிவெஸ் திரும்பவில்லை.

"யாரு?"

"எர்மெஸ் செத்துட்டாராம்..."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிவெஸ் குழாயை மூடினாள். ஸ்வெட்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, டூலியோ. கழுத்துல காத்து படுது."

*

எர்மெஸ் மர மில் முதலாளி. ஐம்பது வயது. தனிக்கட்டை.

சமையலறை மேஜையில் தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்தில் பாதி குடித்த கிராப்பா சாராயம். கன்னம் இரண்டும் ரோஜா நிறம்.

உயிரோடு இருந்தபோது அவர் இத்தனை ஆரோக்கியமாக இருந்ததில்லை!

அந்த நிறம் டூலியோவுக்குத் தெரியும். கணப்பு மெக்கானிக் லைசென்ஸ் வகுப்பில் போட்டோ காட்டியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை. மணமில்லை. ஆளை எழுப்பாமலே அழைத்துக்கொண்டு போகும்.

தீயணைப்பு ஆட்கள் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார்கள். மார்ஷல் கஃபியேரோ மப்ளருக்குள் புதைந்து நின்றார். தெற்கே வெயில் சீமையான சிசிலிக்காரர். பனி விழுவதே தன்னை அவமதிக்கத்தான் என்று நினைப்பவர்.

"இந்தக் கணப்பை மாட்டினது யாரு?"

"நான்தான் சார். போன வருஷம்."

"கடைசியா கை வெச்சது?"

"அதுவும்... நான்தான்."

"நல்லதாப் போச்சு. தேடற வேலை மிச்சம்."

கணப்பின் பின் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு துண்டு ஒயர். வெள்ளை நிறம். கம்பெனி போட்டதல்ல.

"இது என்னப்பா?"

டூலியோ கணப்பின் பக்கம் குனிந்தான்.

"மரத்தூள் உருண்டை, பெல்லட், தானா விழுந்து எரியற கணப்பு சார் இது. புகை சரியா வெளிய போகலைன்னா, ரூமுக்குக் காத்து வரலைன்னா, அலாரம் அடிக்கும். பெல்லட் விழறது நின்னுடும். அதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு..."

"சரி."

"அதைத்தான் நான்..."

"நீ?"

"வேலை செய்யாம பண்ணிட்டேன்."

தீயணைப்பு ஆள் ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரெண்டு வாரம் முன்னாடி அடிக்கடி அலாரம் அடிச்சு நின்னுக்கிட்டே இருந்தது. எர்மெஸ் போன் மேல போன். சுவிட்ச்தான் போச்சுன்னு நெனச்சேன். புதுசு வர்ற வரைக்கும்... தற்காலிகமா..."

"இப்ப நிரந்தரமா ஆயிடுச்சு."

மார்ஷல் பாத்திர அலமாரியைக் காட்டினார். சுவரை விட்டு நகர்த்தியிருந்தார்கள். பின்னால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை.

அதுவும் டூலியோ போட்டதுதான். கணப்பு மூச்சு விட வெளிக்காற்று வருகிற ஓட்டை.

இந்த மலையில் மனிதர்கள் இரண்டுக்குப் பயப்படுவார்கள். பனிச்சரிவு ஒன்று. கழுத்தில் படும் காற்று ஒன்று. பனிச்சரிவையாவது சில பேர் பொறுத்துக்கொள்வார்கள். 'ஓட்டையை மட்டும் அடைக்காதீங்க' என்று டூலியோ ஒவ்வொரு வீட்டிலும் சொல்வான். எல்லாரும் பலமாகத் தலையாட்டுவார்கள். அவன் வண்டி கிளம்பியதும் அடைப்பார்கள்! காலுறை, பழைய செய்தித்தாள், ஒரு வீட்டில் அரை வட்டு பாலாடைக்கட்டி. அவன் வீட்டிலேயே தினமும் காலையில் ஒரு துணியை உருவி எடுக்கிறான்.

அலாரம் என்றால் முதலில் ஓட்டையைப் பார்க்க வேண்டும். அது அவன் வகுத்த விதி.

அன்றைக்குப் பார்க்கவில்லை. அலமாரி கனம். ஐந்தாறு வீடுகள் காத்திருந்தன. போதாததற்கு நிவெஸ் வேறு சொல்லியிருந்தாள். 'பாவம் அந்த மனுஷன், குளிர்ல நடுங்கறாராம். அந்த அலாரத்தை நிறுத்தித் தொலைச்சுட்டு வாயேன்.'

"அடைச்சிருந்தாங்களா சார்...?"

"கெட்டியா. நேத்து ராத்திரி மேல சமையல் புகையை இழுக்கற ஃபேன் வேற ஓடியிருக்கு. வெளிக்காத்து வர வழியில்ல. கணப்புல இருந்த புகையை ஃபேன் வீட்டுக்குள்ள இழுத்துடுச்சாம்."

மார்ஷல் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார்.

"இதை வெச்சு அடைச்சிருந்தாங்க."

செருப்பு.

வீட்டுக்குள் போடும் கறுப்பு வெல்வெட் செருப்பு. கந்தல் துணியை அடுக்கித் தைத்த அடிப்பாகம். இடது கால். ஓரத்தில் சிவப்பு நூலில் சின்ன இலை.

அந்த இலையை டூலியோ பார்த்திருக்கிறான். அவன் எதிரிலேயே உட்கார்ந்து, அவன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு குளிர்காலமும் நிவெஸ் தைக்கிற இலை.

வெளியே போகும் செருப்பை மாட்டிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகலாம். வீட்டுச் செருப்பை விட்டுவைப்பதற்கு அது சொந்த வீடாக இருக்க வேண்டும்.

"யாருதுன்னு தெரியுதா?"

"தெ... தெரியல சார். இந்த ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் போடறதுதான்."

"மில் ஆளுங்க ஒண்ணு சொல்றாங்க. சாயங்காலம் நீ வீடு வீடா சுத்தற நேரத்துல உன் வீட்டம்மா இங்க வருவாங்களாம். தெரியுமா?"

"தெரியாது..."

"ஊருக்கே தெரியும்ப்பா!"

"அதனாலதான் எனக்குத் தெரியல சார்."

மார்ஷல் மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"பொண்டாட்டிக்கு ஒரு சிநேகிதன். கணப்பை ஊமையாக்கத் தெரிஞ்ச புருஷன். ஊமையாக்கின பிறகு ஓட்டையையும் அடைச்சாச்சு. இதைவிட சுலபமா ஒரு கேஸ் எனக்கு வந்ததில்ல."

"நான் அடைக்கல சார்! சத்தியமா..."

"கொலையா, கவனக்குறைவான்னு கோர்ட்ல பேசிக்கட்டும். ரெண்டுலயும் உன் பேருதான். ஜீப்ல ஏறு. உன் வீட்டுக்குப் போவோம்."

*

ஜீப் வளைவுகளில் இறங்கியது.

ஊராட்சி அலுவலகத்தைக் கடந்தது. வாசலில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. போன வாரம் அதில்தான் ஒட்டியிருந்தார்கள். எர்மெஸ்ஸுக்கும் தொல்மெத்ஸோ ஊர் விதவை ஒருத்திக்கும் திருமணம். ஆட்சேபம் இருப்பவர்கள் தெரிவிக்கலாம்.

டூலியோ திரும்பி அந்தப் பலகையைப் பார்த்தான்.

அதை ஒட்டிய அன்றைக்கு இரவுச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பொலெந்தாக் களியில் உப்பே இல்லை. நிவெஸ் தட்டைத் தொடவில்லை.

'எர்மெஸ் வீட்டு அலாரத்தை நிறுத்தினியே... அலாரம் இல்லன்னா என்ன ஆகும்?'

'ஒண்ணும் ஆகாது. ஓட்டை தொறந்திருக்கற வரைக்கும்.'

'அடைபட்டிருந்தா?'

'உட்கார்ந்தபடியே தூங்கிடுவாங்க. எழுந்திருக்க மாட்டாங்க.'

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

'வலிக்குமா?'

'தலை வலிக்கும். அப்புறம் தூக்கம்தான். உப்பை எடு.'

எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதே அந்தச் செருப்பு ஓட்டையில் இருந்திருக்க வேண்டும். அதனால்தானே அலாரம் அடித்தது! குளிருக்குப் பயந்து அவளே வைத்த செருப்பு. அதை அவள் எடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வாயைத் திறந்தால் மனைவி உள்ளே. மூடிக்கொண்டால் அவன் உள்ளே.

டூலியோ மூடிக்கொண்டான்.

*

நிவெஸ் கறுப்பு உடுத்தியிருந்தாள். அழவில்லை. தன் வழக்கமான நாற்காலியில், சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அவர்கள் வீட்டுக் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

மார்ஷல் எதிரில் உட்கார்ந்து உறையை மேஜையில் வைத்தார்.

"இது உங்களோடதாம்மா?"

"ஆமா."

டூலியோ திடுக்கிட்டான்.

"அங்க எப்படிப் போச்சு?"

"காணாம போய் பத்து நாளாச்சு. இப்பத்தான் தெரியுது. டூலியோ எடுத்துட்டுப் போயிருக்கான்."

"நிவெஸ்...!"

"நீ பேசாதப்பா. நீங்க சொல்லுங்கம்மா. இவருக்கு உங்க விஷயம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். ஒரு மாசமா மூஞ்சி கொடுத்துப் பேசல. 'அவனைத் தூங்க வெச்சுடுவேன்'னு சொன்னான். நான் விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன் சார்..."

டூலியோ எதை மறுப்பது? ஒயர் அவனுடையது. ஓட்டை அவன் போட்டது. 'தூக்கம்' என்ற வார்த்தை கூட அவன் சொன்னதுதான்.

மார்ஷல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அந்தச் சமையலறைக்கு நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்கம்மா?"

"ஒரே தடவை. அதுவும் வாசப்படியோட சரி. அலமாரிக்குப் பின்னால ஓட்டை இருக்கறதே எனக்குத் தெரியாது. இந்த ஓட்டை, ஒயர் சமாசாரமெல்லாம் டூலியோவோட வேலை. நான் அதுல கையே வைக்க மாட்டேன் சார்."

சொல்லிக்கொண்டே நிவெஸ் தோளைக் குலுக்கினாள். காலரைத் தூக்கிவிட்டாள். மேஜையில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், சுவரில் இருந்த ஓட்டையில் துணியை அழுத்திச் செருகினாள். கட்டை விரலால் சுற்றிலும் ஒருமுறை தடவிச் சரிபார்த்தாள்.

பேனா நின்றது.

கணப்பு ஒரு முறை இருமி, பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது.

மார்ஷல் கஃபியேரோ தன் மப்ளரை மெதுவாகக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"கை ரொம்பப் பழகின கை... அங்கேயும் இப்படித்தான் கழுத்துல காத்து பட்டுதாம்மா?"