கங்கோத்ரியின் கேட் நோட்டு

திங்கட்கிழமை, காலை 8.05

காணாமல் போனது ஒரு நோட்டு. விலை முப்பது ரூபாய், அட்டையில் மயில் படம்.

அபிராமபுரத்தில் 'கங்கோத்ரி' அடுக்ககத்தின் வாசலில், வாட்ச்மேன் சுப்புராயனின் நாற்காலிக்கு மேலே ஓர் ஆணி. ஆணியில் சணல் கயிறு, கயிற்றில் நோட்டும் பேனாவும். இப்போது கயிறு இருந்தது, பேனா இருந்தது, நோட்டு மட்டும் இல்லை.

"நேத்து சாய்ங்காலத்துலேந்து தேடிக்கினு கீறேன் மேடம். செகரட்டரி சார் என்னிய வூட்டுக்கு அனுப்பிடுவாரு," என்றார் சுப்புராயன்.

மேடம் என்பது சுந்தரவல்லி. மாநகரப் பேருந்தில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பணிமனையில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அவர் பார்ப்பது முகத்தை அல்ல, யார் அடுத்த நிறுத்தத்தில் இறங்கத் துடிக்கிறார்கள் என்பதை.

இன்று அவருக்கு விடுமுறை. தம்பி சுரேஷ்குமாரும் அவன் மனைவி பூஜாவும் மூன்றாவது மாடி வீட்டை வாங்குகிறார்கள். பத்தரை மணிக்குப் பத்திரப் பதிவு. தொண்ணூற்றிரண்டு லட்சம். பூஜாவின் நகை போய்விட்டது, வங்கிக் கடன் இருபது வருடத்துக்குக் கழுத்தில் ஏறப்போகிறது. கையெழுத்து போட்டபின் அழுதாலும் புரண்டாலும் அந்த வீடு அவர்களுடையதுதான்.

"ஒரு நோட்டுக்கு என்ன இத்தனை விசாரணை?" என்றார் கல்யாணராமன். வீட்டுத் தரகர். நெற்றியில் விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றும் வஞ்சகமில்லாமல் இருந்தன. "மேல போய் ஆத்தை ஒரு தடவை பாத்துண்டு, எட்டே முக்காலுக்குக் கிளம்பிடணும். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கூட்டம் சேர்ந்துடும்."

சொல்லிவிட்டு மணி பார்த்தார். வந்த ஐந்து நிமிடத்தில் அது மூன்றாவது தடவை.

சுந்தரவல்லி கயிற்றின் நுனியைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. நிதானமாக முடிச்சவிழ்த்து எடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை, கல்யாணராமனின் ஆபீஸில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "திங்கட்கிழமை கேட் நோட்டை ஒரு பார்வை பார்க்கணும். ஒரு வீட்டுக்குள்ள என்ன வருது, என்ன போகுதுன்னு தெரிஞ்சா வீடு தெரிஞ்சிடும்" என்று சுந்தரவல்லி சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நோட்டு மாயம். தற்செயல் என்ற சொல்லில் சுந்தரவல்லிக்கு நம்பிக்கை கிடையாது. பர்ஸைத் தற்செயலாக வீட்டில் மறந்தவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்.

காலை 8.12

"கடைசியா நோட்டை எப்பப் பாத்தீங்க?"

"நேத்து நாலரைக்கு. கேட்ட சாத்திட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரத்துல ஒண்ணும் உள்ள வராது. அஞ்சேகாலுக்குத் திரும்பிட்டேன். ஆறு மணிக்கு எழுதலாம்னு கைய வெச்சா வெறுங்கயிறுதான் கீது."

"என்ன எழுதுவீங்க?"

சுப்புராயன் கல்யாணராமனைப் பார்த்தார். "உள்ள வர்றது போறது அல்லாம்."

"விசிட்டர்ஸ், மேடம். விசிட்டர்ஸ் பேர்தான்," என்று கல்யாணராமன் முந்திக்கொண்டார்.

"நாங்க வந்தப்ப எங்க பேரை யாரும் எழுதலையே," என்றாள் பூஜா. தரகர் அதற்கும் மணி பார்த்தார்.

வாசலுக்கு வெளியே ஒரு சிலிண்டர்காரர் தன் வண்டிமேல் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உள்ளே போகலையா?" என்று கேட்டார் சுந்தரவல்லி. "ஒம்போதுக்குத்தான் விடுவாங்க," என்று விளையாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் போனார் அவர்.

பெருக்க வந்த முனியம்மாள் துடைப்பத்தைத் தரையில் தட்டிக்கொண்டு யாரையோ திட்டினாள். "நேத்து நாலு மணிக்குத்தான் சுத்தமா பெருக்கிட்டுப் போனேன். அதுக்குள்ள எவனோ எலுமிச்சம்பயத்த நசுக்கிப் போட்டுக்கிறான் பாரு."

சுந்தரவல்லி குனிந்து பார்த்தார். கேட்டை ஒட்டி ஓர் எலுமிச்சம்பழம், நசுங்கி, காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. இரண்டடி தள்ளிக் கல்யாணராமனின் பழைய ஸ்கூட்டர். அதன் முன்சக்கரத்தின் பின்னால் இன்னோர் எலுமிச்சம்பழம். இது புதிது, சாறுகூட உலரவில்லை.

"பெருக்கிடாதீங்க, அப்படியே இருக்கட்டும்," என்றார்.

"எனுக்கு இன்னும் நாலு வூடு கீது," என்று முனியம்மாள் துடைப்பத்தோடு உட்கார்ந்துவிட்டாள். வேலையை நிறுத்தச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

காலை 8.20

மூன்றாவது மாடியில் கல்யாணராமன் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். சமையலறை, குளியலறை, பால்கனி என்று எங்கும் தண்ணீர் கொட்டியது.

"காவேரி," என்றார்.

பூஜா குழாயின் கீழ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஏழு வருடத்தில் நான்கு வாடகை வீடு. நான்கிலும் காலை ஐந்தரைக்கு எழுந்து வாளி நிரப்பியவள். இந்த வீட்டில் அவள் முதலில் பார்த்தது அறைகளை அல்ல, குழாயைத்தான். சுந்தரவல்லி அவள் முகத்தைப் பார்த்தார். சந்தோஷமாக இருப்பவளிடம் போய்ச் சந்தேகத்தைச் சொல்வது பாவம். சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம்.

காலை 8.32

கீழே, கார் நிறுத்தும் இடத்தில் அடுக்ககத்தின் செயலாளர் தனபாலன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கார் வாசலைப் பார்த்து நின்றது, டிரைவர் உள்ளே இருந்தார், தனபாலன் மடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. ஆனால் கிளம்பவில்லை.

"நேத்து சாயங்காலம் எங்க சார் இருந்தீங்க?"

"கடையிலதான். ஞாயித்துக்கெழம ரங்கநாதன் தெருவுல மூச்சு விடவே எடம் கெடையாதும்மா. காலைல ஒம்பதரைக்குப் போனேன், வீட்டுக்கு வர ராத்திரி பத்தரை. எரநூறு பேரு பாத்திருப்பான். அந்த வாட்ச்மேன் தூங்கியிருப்பான், எவனோ பழைய பேப்பருக்கு எடுத்துட்டுப் போயிருப்பான். இன்னைக்கோட அவன் கணக்கை முடிச்சிருவோம்."

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சார்?" சுந்தரவல்லி கல்யாணராமன் பக்கம் திரும்பினார்.

தரகர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம் மேடம். ராகு காலத்துல நான் ஆத்து வாசப்படி தாண்ட மாட்டேன். மயிலாப்பூர்ல யாரை வேணா கேளுங்கோ."

"அது உண்மைக்கா," என்றான் சுரேஷ். "அட்வான்ஸ் குடுக்க வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் போனோம். பணத்தைத் தொடவே மாட்டேன்னுட்டார். பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் எதிர்ல உக்காந்து ஸ்லோகம் சொல்லிட்டிருந்தார். அன்னிக்கே எனக்கு இவர் மேல முழு நம்பிக்கை வந்துடுச்சு."

கல்யாணராமன் அடக்கமாகக் கண்ணை மூடித் திறந்தார். திறந்ததும் மணி பார்த்தார்.

"இந்த வீட்டை எத்தனை தடவை பாத்தீங்க, சுரேஷு?"

"இன்னிக்கு சேர்த்து நாலு."

"முதல் மூணு எப்ப? நாளும் நேரமும் சொல்லு."

சுரேஷ் கைப்பேசியைத் தடவினான். "புதன்கிழமை பன்னெண்டேகால். அடுத்த வாரம் செவ்வாய், மூணேகால். அப்புறம் வியாழக்கிழமை ரெண்டு மணி. மூணு தடவையும் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வரேன்னாலும் இவர்தான் ஒத்துக்கல."

"சாவி அப்பதான் கிடைக்கும் மேடம்," என்றார் கல்யாணராமன். "மணி எட்டே முக்கால். கிளம்பலாமா?"

சுந்தரவல்லி கிளம்பவில்லை. வாசலுக்குப் போய் சுப்புராயனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

காலை 8.47

"நோட்டை எடுத்தது நீங்கதான், கல்யாணராமன் சார்."

சுரேஷ் அக்காவை அதிர்ச்சியோடு பார்த்தான். தரகரோ பொறுமையாகப் புன்னகைத்தார். "ராகு காலத்துல நான்..."

"திங்கட்கிழமை ராகு காலம் எப்ப சார்?"

கல்யாணராமன் சட்டைப் பையில் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். தனபாலன் சொன்னார். "ஏழரைலேர்ந்து ஒம்பது. அதுக்காகத்தானே நான் கெளம்பாம உக்காந்திருக்கேன்."

"புதன்?"

"பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை."

"செவ்வாய் மூணுலேர்ந்து நாலரை, வியாழன் ஒண்ணரைலேர்ந்து மூணு. காலண்டர்ல தினமும் கிழிக்கிற தாள்லயே போட்டிருக்கான்," என்றார் சுந்தரவல்லி. "வாசப்படி தாண்டாத மனுஷன் நாலு தடவை இங்க வந்திருக்கார். நாலும் ராகு காலம். இப்ப நிக்கிறதும் ராகு காலத்துலதான். டேய் சுரேஷு, உன்கிட்ட காசு வாங்கினது நல்ல நேரத்துல. வீடு காட்டினது பூரா ராகு காலத்துல."

"அவசரத்துக்கு வரதுதான். அதுக்காக நேத்து வந்தேன்னு ஆயிடுமா?" கல்யாணராமனின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நீங்க பொய்யா பக்திமான் வேஷம் போட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்க. உங்க பயம் நிஜம். அதான் மாட்டிக்கிட்டீங்க. கெட்ட நேரத்துல வந்து இறங்குறோமேன்னு சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குறீங்க. அதோ இன்னிக்குப் பழம், உங்க சக்கரத்துக்குப் பின்னாடி. இதோ பழைய பழம், எறும்பு மொய்ச்சுக்கிட்டு. முனியம்மா நேத்து நாலு மணிக்குப் பெருக்கினப்ப இது இல்ல. அதுக்கப்புறம் நீங்க வந்து நிறுத்தினப்ப நசுக்கியிருக்கீங்க. இருவது வருஷத்து ஸ்கூட்டருக்கு வேற யார் சார் பழம் வைப்பா?"

முனியம்மாள் எழுந்து வந்து இரண்டு பழத்தையும் புதிய மரியாதையோடு பார்த்தாள்.

"ஒரு நோட்டை எடுத்து அவர் என்ன அண்ணி பண்ணப் போறார்?" என்றாள் பூஜா.

"அதுக்கு ஒம்போது வரைக்கும் இருக்கணும்மா."

"ரெஜிஸ்ட்ரேஷன்," என்றார் கல்யாணராமன். நெற்றியில் குங்குமம் வேர்வையில் இறங்கத் தொடங்கியிருந்தது. "லேட் ஆயிடும். கார்ல பேசிக்கலாம். வாங்கோ சுரேஷ்."

சுரேஷ் முதல் தடவையாக நகரவில்லை. சுந்தரவல்லி தரகரைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கத் துடிக்கும் ஆள்.

காலை 9.00

சிலிண்டர்காரர் பேப்பரை மடித்தார். தனபாலன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தெருமுனையில் ஒரு ஹாரன் நீளமாக அலறியது. சுப்புராயன் பழக்கதோஷத்தில் ஓடிப்போய் கேட்டின் இரண்டு கதவையும் திறந்தார்.

வந்தது தண்ணீர் லாரி. பன்னிரண்டாயிரம் லிட்டர், பின்னால் சொட்டச் சொட்ட. டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டினார்.

"யோவ் சுப்பு, நோட்டக் குடு, கையெழுத்து போடணும். ரெண்டாவது லோடு எப்ப வரும்னு எனுக்கே தெரியாது, பாத்துக்கோ."

லாரிக் குழாய் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கி, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பூஜா அந்தச் சத்தத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல நின்றாள்.

"லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது," என்றார் சுந்தரவல்லி. "எப்ப வராதுன்னு மட்டும் தெரியும். ராகு காலத்துல இந்த கேட்டுக்குள்ள சரக்கு எதுவும் வரக்கூடாதுன்னு ஒருத்தர் சட்டம் போட்டிருக்கார்."

"நான்தான் போட்டேன்," என்றார் தனபாலன். "ரெண்டு வருஷம் முன்ன ராகு காலத்துல லோடு எறக்கினான், மோட்டார் பொகஞ்சு போச்சு. போர் தண்ணி உப்பாகி ஒரு வருஷம் ஆகுது. மாசம் ஒரு வீட்டுக்கு அஞ்சாயிரம் லாரிக்கே போகுதும்மா. புது போர் போட ஆளுக்கு ஒண்ணே கால் லட்சம்னு தீர்மானம் ஆயிருக்கு. மூணாவது மாடிக்காரர் ஷார்ஜாவுல இருக்கார், பத்து மாசமா ஒரு பைசா கட்டல. இதெல்லாம் புரோக்கர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே. 'பார்ட்டிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்'னார்."

"சொல்றதா இருந்தேன். ரெஜிஸ்ட்ரேஷன் ஆனப்புறம்," என்றார் கல்யாணராமன்.

"நோட்டு எங்க சார்?"

தரகர் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினார். உள்ளே ஒரு பாலிதீன் பையில் ஆறு எலுமிச்சம்பழம். அவற்றின் கீழே மயில் படம்.

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே," என்றான் சுரேஷ். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

"எழுதின காகிதம் சரஸ்வதி. அதைப் போய்க் கிழிப்பாளா?" என்றார் கல்யாணராமன். அதை மனதாரத்தான் சொன்னார்.

பூஜா நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் சுப்புராயனின் கோணல் எழுத்தில் லாரி, லாரி, லாரி. அவர்கள் வீடு பார்க்க வந்த மூன்று நாளிலும் லாரி வந்திருந்தது. வியாழக்கிழமை அவர்கள் இறங்கிப்போன ஐந்தாவது நிமிடத்தில்.

"இதை நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?" என்று சுப்புராயனைக் கேட்டாள்.

"தண்ணி விசயம் வெளிய பேசக்கூடாதுன்னு செகரட்டரி சாரு ஆர்டர்மா. இந்த புரோக்கர் சாமி வேற பேசாதன்னு கண்ணக் காட்டுவாரு."

தனபாலன் செருமினார். சுப்புராயன் வேலையில் இருக்கலாம் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பத்தரை மணிக்குப் பத்திரப் பதிவு நடக்கவில்லை. சுந்தரவல்லி மறுநாளும் விடுமுறை போட்டு, காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அந்த வாசலில் உட்கார்ந்து லாரிகளை எண்ணினார். பூஜா அந்த எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதி, நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து, ஷார்ஜாவுக்கு அனுப்பினாள். பத்து நாள் இழுபறிக்குப் பின் உரிமையாளர் பாக்கியைக் கட்டினார், விலையில் ஆறு லட்சம் இறங்கினார். கல்யாணராமன் கமிஷனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இவ்வளவுக்கப்புறமும் இந்த வீடு வேணுமா?" என்று சுரேஷ் கேட்டான்.

"தண்ணி இல்லன்னு தெரிஞ்சு வாங்கினா நமக்கு வாளி எத்தனை வேணும்னு தெரியும்," என்றாள் பூஜா. "காவேரின்னு நம்பி வாங்கியிருந்தா தினமும் அழுதிருப்பேன்."

வாங்கினார்கள். பால் காய்ச்சிய அன்று முனியம்மாளுக்கும் சுப்புராயனுக்கும் முதல் டம்ளர்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றேகால் மணி. முதல் மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. கல்யாணராமனின் ஸ்கூட்டர் வந்து நின்றது, பின்னாலேயே ஆட்டோவில் ஓர் இளம் ஜோடி. தரகர் மணி பார்த்துக்கொண்டே, "நாலேகாலுக்குக் கிளம்பிடணும்" என்று சொல்லியபடி வந்தார்.

சுப்புராயன் எழுந்து தன் நாற்காலியை அந்தப் பெண்ணிடம் நகர்த்தினார். இன்னொரு நாற்காலியை உள்ளிருந்து எடுத்துவந்து பையனுக்குப் போட்டார்.

"குந்துமா, நீயும் குந்து நைனா," என்றார். "நாலரை வரைக்கும் இங்கியே இருந்து பாத்துட்டு, அப்புறமா மேல போலாம்."